க்ரூஸருடன் ஏழு வருடம், அதில் பாதி பின் சீற்றில்

1984 பெப்ரவரி கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, நானும் மனைவி யோகாவும் கோரமண்டலுக்குப் புறப்பட்டோம். காரணம் பெயர்தான். நம்முடைய சோழமண்டலம் ஆங்கிலேயர் வாயில் கோரமண்டலாகி, அந்தப் பெயருள்ள கப்பலொன்றில் ஏறி நியூசிலாந்துக்கு வந்து, ஒரு குடாநாட்டுக்கும் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது என்று யோகா எங்கேயோ வாசித்திருந்தாள். "எங்கட பேரில ஒரு ஊர் இருக்கு, நாங்கள் இன்னும் போகேல்லை" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒக்லாந்தில் இருந்து போய்வர ஒரு நாள் போதும் என்று நினைத்தோம்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இந்தக் குறிப்பைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருவார்கள். ஜப்பானில் செய்த 750 சிசி க்ரூஸர் மோட்டார்சைக்கிள். இரண்டு சிலிண்டர். பின் சில்லைச் சுழற்றச் சங்கிலி இல்லை, ஷாஃப்ட். 1982இல் ஒன்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிய நிலையில் வாங்கினேன். 1989இல் விற்றபோது எழுபத்தோராயிரம். பெற்றோல் லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் தந்தது. எடை 220 கிலோ, ஆனால் சீற் தரையில் இருந்து எழுபத்துநான்கு சென்ரிமீற்றர்தான். உயரம் குறைந்தவர்களும் இரண்டு காலையும் ஊன்றி நிற்கலாம். இந்த ஒரு விஷயம் பின்னால் எங்களுக்கு எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று வாங்கும்போது நான் யோசிக்கவில்லை. அகலமான ஹாண்டிலும் கண்ணீர்த்துளி மாதிரி டாங்கும்தான் என் கண்ணில் பட்டன.

நாங்கள் அப்போது பாபடோயிட்டோயில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் மெசின் திருத்தும் வேலை. யோகாவுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. கலியாணமாகி மூன்று வருடம். கார் இல்லை, இந்த வண்டி மட்டும்தான். காலை ஐந்து மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவேன். தன்னோடு வேலை செய்த மலேசியத் தமிழ்ப் பெண் மேரியின் 125 சிசி வண்டியில் பழகி, யோகாவும் லைசென்ஸ் எடுத்திருந்தாள். எங்கள் வண்டியை மட்டும் நான் தொடவிடவில்லை. "பாரம் கூட, உம்மால ஏலாது" என்பேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று மாதத்துக்கு முன் நடந்த ஒன்றை அவள் முழுதாக அறியாள். தொழிற்சாலையில் நான் மெசினுக்குப் பக்கத்தில் விழுந்தேன். கண் திறந்தபோது நாக்கில் இரத்தம், தலைக்குக் கீழே யாரோ மடித்துவைத்த ஜக்கெற். டொக்டர் வலிப்பாக இருக்கலாம் என்றார். ஸ்பெஷலிஸ்ற் பார்க்கும்வரை எந்த வாகனமும் ஓட்டக்கூடாது என்று வாயாலும் சொன்னார், கடிதத்திலும் எழுதினார். கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோகும் பையின் அடியில் வைத்தேன். யோகாவிடம், சாப்பிடாமல் நின்றதால் மயக்கம் என்றேன். ஸ்பெஷலிஸ்ற் திகதி வந்தபோது வேலை கூட என்று தள்ளிப்போட்டேன். அந்த வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவர எனக்குத் துணிவில்லை. வலிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சே நின்றுவிடும். கலியாணமான பிறகு வந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாளே வண்டியை எடுத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடினேன். மூன்று மாதம் அப்படியே ஓடினேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். காலை ஏழு பத்துக்கு டாங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். போகவர 240 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடினோம், பெற்றோல் பன்னிரண்டு டொலருக்குள் முடிந்தது. தெற்கு மோட்டார்வேயில் பொம்பே மேடு ஏறி இறங்கி, இடப்பக்கம் திரும்பினால் ஹவுராக்கிச் சமவெளி. சப்பையான பச்சை, மாடுகள், நேரான றோட்டு. அப்போது நகரத்துக்கு வெளியே வேகக் கட்டுப்பாடு எண்பதுதான். க்ரூஸருக்கு அதுதான் பிடித்த வேகமும். யோகா பின்னால் இருந்து ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். ஹெல்மெற்றுக்குள் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

தேம்ஸ் ஊருக்கு முன்னால் கோப்பு என்ற இடத்தில் நீளமான பழைய பாலம் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டும் போகக்கூடிய அகலம், அதனால் சிக்னல். எட்டரை மணிக்குச் சிவப்பில் நின்றோம். கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு காலையும் ஊன்றினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது பின்னால் இருந்த லொறியின் ஹோர்ன். யோகா என் தோளில் அடித்துக்கொண்டிருந்தாள். விளக்கு பச்சை. எப்போது மாறியதோ தெரியாது.

"என்னப்பா, நித்திரையோ?"

"இல்லை, யோசிச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

பாலத்தைக் கடந்தேன். வாய்க்குள் இரும்பு ருசி. தொழிற்சாலையில் விழுவதற்கு முன்னும் அதே ருசி வந்ததென்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தேம்ஸில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அங்கிருந்து வடக்கே போகும் கரையோரச் சாலை இந்தப் பயணத்தின் அழகான பகுதி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், உண்மைதான். இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கடல், தடுப்பு இல்லை. வலப்பக்கம் பாறை. பொஹுட்டுக்காவா மரங்கள் சாலைக்கு மேலே வளைந்து நிற்கும். நான் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும், இந்த வளைவில் எனக்கு அது வந்தால் யோகா எந்தப் பக்கம் விழுவாள் என்றுதான் கணக்குப் பார்த்தேன். கடல் பக்கமென்றால் கல், மற்றப் பக்கமென்றால் எதிரே வரும் வாகனம். முப்பதுக்கு மேல் போக என் கை விடவில்லை. இருபது கிலோமீற்றர் ஓட ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. டாப்பு என்ற சின்ன ஊரில், படகு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த புல்வெளியில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். ஒன்பதே முக்கால் மணி.

ஹெல்மெற்றைக் கழற்றாமலே சொன்னேன். விழுந்தது, கடிதம், பாலம், எல்லாம். ஹெல்மெற்றுக்குள் என் குரல் வேறு யாரோ கதைப்பது மாதிரி இருந்தது.

தேநீர் ஊற்றத் திறந்த பிளாஸ்க்கை யோகா மூடினாள். "எவ்வளவு நாளா?"

"மூண்டு மாசம்."

"மூண்டு மாசமா என்னைப் பின்னால வச்சு ஓட்டினீங்களோ?"

ஹெல்மெற்றோடே தலையை ஆட்டினேன்.

"உங்களுக்கு இந்த வலிப்பு வருத்தம் வந்தது உங்கட பிழை இல்லை" என்றாள். "எனக்குச் சொல்லாமல் என்னை ஏத்தினது உங்கட பிழை." அழவில்லை. கற்களில் இறங்கி, தண்ணீர் ஓரமாக நெடுந்தூரம் நடந்தாள். அவள் பின்னால் போக எனக்குத் தோன்றவில்லை; போக உரிமை இல்லை என்றுதான் பட்டது. இருபது நிமிடம் கழித்து வந்து கையை நீட்டினாள்.

"வண்டித் திறப்பைத் தாங்கோ."

"உம்மால ஏலாது. இது இருநூற்றிருபது கிலோ."

"உங்களால ஏலாதெண்டு டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். என்னால ஏலாதெண்டு ஆர் எழுதினது?"

கொடுத்தேன்.

புல்வெளியின் மறுகரையில் ஒரு மாவோரிக்காரர் படகு ட்ரெய்லரின் சில்லுக்குக் கிறீஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். யோகா முதல் தரம் வண்டியைத் திருப்பப் பார்த்தபோது அது சாய்ந்து புல்லில் படுத்தது. இடப்பக்க இண்டிகேற்றர் உடைந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னோடு சேர்ந்து வண்டியைத் தூக்கினார். என்ன ஏது என்று கேட்கவில்லை. யோகாவிடம் மட்டும் சொன்னார்: "நிலத்தைப் பார்த்தால் நிலத்துக்குத்தான் போகும். போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். ஊர்ந்து போகும்போதுதான் இது பாரம். கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் பாரமே தெரியாது."

ஒரு மணித்தியாலம் அந்தப் புல்லில் எட்டுப் போட்டாள். நானும் அவரும் ட்ரெய்லரில் சாய்ந்து நின்று பார்த்தோம். கடைசியில் வண்டி எனக்கு முன்னால் வந்து நின்றது. "ஏறுங்கோ, திரும்பிப் போவம்" என்றாள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு, நல்ல ட்ரைவர் கிடைத்திருக்கிறார் என்றார்.

இரண்டு வருடமாக என் வண்டியின் பின் சீற்றில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. பலகை மாதிரி இருக்கிறது என்று யோகா பல தரம் சொல்லியிருக்கிறாள். பழகிவிடும் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். பழகாது. பத்துக் கிலோமீற்றரில் இடுப்பு எரியத் தொடங்கியது. முன்னால் என்ன வருகிறதென்று தெரியாது. வளைவு வருவது அவளுடைய தோள் சாயும்போதுதான் தெரியும். முதல் வளைவில் என் உடம்பு விறைத்து எதிர்ப்பக்கம் சாய்ந்தது. "என்னோட சேர்ந்து சாயுங்கோ, இல்லாட்டி ரெண்டு பேரும் விழுவம்" என்று கத்தினாள். நான்காவது வளைவில் சாயப் பழகினேன். அதற்குப் பிறகுதான் தலையைத் திருப்பினேன். கடல் அப்படியொரு நீலமாக இருந்தது. வரும்போதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இடையிடையே நின்று, மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தோம். கோரமண்டலுக்குப் போகவில்லை. அன்றும் அடுத்த நாளும் என்னோடு கதைக்கவுமில்லை. திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டு, அந்தக் கடிதத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

தலையில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். வலிப்புத்தான். குளிசை தந்தார்கள். குளிசை அளவு சரியாகி, ஒன்றும் வராமல் இருக்கிறதென்று டொக்டர் நம்பி என்னைத் திரும்ப ஓட்டவிட மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் வண்டி யோகாவுடையது. மழையிலும் குளிரிலும் அதிகாலையில் தானே ஓட்டிப்போனாள். நான் பஸ்ஸில் போனேன். பின் சீற்றுக்கு நல்ல ஸ்பொஞ் வைத்துத் தைப்பித்தது நான்தான். வாங்கிய கையோடு செய்திருக்கவேண்டிய வேலை.

ஆட்கள் முன்னால் போவதுதான் கஷ்டமாக இருந்தது. பொங்கலுக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழர்கள் கூடினோம். யோகா ஓட்ட, நான் பின்னால் சேலைப் பையைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினேன். வாசலில் நின்ற ஒருவர், கணக்காளர் வேலை பார்ப்பவர், "என்ன அண்ணை, பதவி இறக்கமோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இடுப்பில் நாரிப்பிடிப்பு என்றேன். முந்தைய வருடமும் அதைத்தான் சொன்னேன். யோகா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வை எனக்குச் சாப்பாட்டை இறங்கவிடவில்லை. எழும்பிப் போய் அதே மனிதரிடம், "நான் பொய் சொன்னனான். எனக்கு வலிப்பு வாறது. அதால யோகா ஓட்டுறா" என்றேன். அவர் முகம் மாறியது. நாங்கள் புறப்படும்போது வண்டி நிறுத்தும் இடத்துக்குத் தனியாக வந்து, "என்ர தங்கச்சிக்கும் இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் எந்த டொக்டரிட்டப் போறனீங்கள்?" என்று கேட்டார். யோகா ஹெல்மெற்றைக் கழற்றி வைத்துவிட்டு, டொக்டரின் பெயரையும் எந்த நாளில் போகவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தாள்.

கோரமண்டல் ஊரை 1986இல்தான் பார்த்தோம். டாப்புவுக்குப் பிறகு சாலை மேட்டில் ஏறும். உச்சியில் இருந்து பார்த்தால் தீவுத் தீவாகக் கடல். யோகா அங்கே நிறுத்தி, எஞ்சினையும் நிற்பாட்டினாள். ஊர் என்றால் ஒரு தெரு, மரக் கட்டடங்கள், மீன் பொரித்துத் தரும் ஒரு கடை. எங்கள் பெயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் மூன்று டொலருக்கு மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம்.

இந்தச் சாலையில் க்ரூஸரில் போக நினைப்பவர்களுக்கு: கோடை முடியும் நாட்களில், வார நாளில் போங்கள். தேம்ஸில் டாங்கை நிரப்புங்கள். கரையோரச் சாலையில் கடலைப் பார்க்க விரும்பினால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோப்புப் பாலம் இப்போது புதியது, காத்திருக்கத் தேவையில்லை. நெடுநாள் வைத்திருக்க ஷாஃப்ட் வண்டி நல்லது. எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்றினால் போதும், ஏழு வருடத்தில் எஞ்சின் எங்களை ஒருநாளும் கைவிடவில்லை. வாங்குவதற்கு முன் பின் சீற்றில் நீங்களே ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எல்லாம் பின்னால் ஏறுபவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நான் திரும்ப ஓட்டத் தொடங்கிய வருடம், ஒரு ஞாயிறு, மரட்டாய் கடற்கரைக்குப் போகச் சாப்பாடு கட்டி, இரண்டு பேரும் ஹெல்மெற் போட்டு வாசலில் நின்றோம். அன்றைக்கு நான் ஓட்டுவதாக இருந்தது. யோகா வழமைபோல, "உடம்பு எப்பிடி?" என்றாள். இரவு சரியாக நித்திரை இல்லை, காலையில் இருந்து தலை ஒரு மாதிரி. நல்ல வெயில், அவள் ஒரு வாரமாகக் காத்திருந்த நாள்.

"இண்டைக்குச் சரியில்லை" என்றேன். "நீரும் விடிய வேலைக்குப் போய் வந்து களைச்சுப்போனீர். விடுவம்."

அவள் ஹெல்மெற்றைக் கழற்றினாள். புல்லில் ஒரு துணியை விரித்து, கட்டிய சாப்பாட்டை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்து சாப்பிட்டோம். அன்று நாங்கள் எங்கேயும் போகவில்லை.