இடது பக்கத்துச் சோதனை

கார் வைத்திருப்பவர்களிடம் காதுக்காரர் என்று சொன்னால் போதும், பட்டறைக்கு வழி சொல்லிவிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைப்பார். கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்வார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். மனிதருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு, அதை மறைப்பானேன். பட்டறையில் கூட்டாளியான மைத்துனன் கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கிறவன். அவனைக் கிண்டலடிக்காமல் இவருக்கு ஒருநாளும் பொழுது போனதில்லை.

ஒருநாள் காலை எழுந்தபோது இடது காதில் பஞ்சை அடைத்தாற்போல் இருந்தது. உள்ளே, காற்று இறங்குகிற டயர் மாதிரி ஓர் இரைச்சல். காலை ஊன்றியதும் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுக்கு அடைத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

கையும் ஸ்பேனரும் எல்லா மெக்கானிக்கிடமும் இருக்கிறது. இவரைத் தேடி வருகிறவர்கள் காதுக்காகத்தான் வருகிறார்கள். அது போய்விட்டால் இவரை யார் சீந்துவார்கள்?

இவருக்குக் காது விஷயத்தில் அரைகுறையாகக் கொஞ்சம் தெரியும். வினை அங்கேதான் தொடங்கியது. முன்பு மனைவிக்குக் காதுச் சவ்வில் ஓட்டை விழுந்தபோது டாக்டர் விளக்கியிருந்தார். கேட்காமல் போவதில் இரண்டு வகை உண்டாம். சத்தம் போகிற பாதையில் அழுக்கோ சீழோ ஓட்டையோ இருந்தால் ஒரு வகை. அதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். உள்காதோ நரம்போ கெட்டுப்போனால் இன்னொரு வகை. அது பெரும்பாலும் போனது போனதுதான். பாதை அடைத்திருந்தாலும் எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போய்விடும் என்று சொல்லி, தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இசைக்கவையைத் தட்டி மனைவியின் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் காட்டினார். நம் தொழிலைத்தான் இவரும் செய்கிறார் என்று காதுக்காரருக்கு அன்று பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆகவே மைத்துனன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஓர் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரை இடது பக்கத்து எலும்பில் அழுத்தினார். எஞ்சின் கணீரென்று கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தார். இன்னும் பலமாகக் கேட்டது. உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. நரம்புக்கு ஒன்றுமில்லை, வெறும் அடைப்புதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு, தினமும் அதே சோதனையைச் செய்து, தினமும் தேறினார். இரைச்சல் மட்டும் குறையவில்லை.

வாரங்கள் ஓடின. ஒரு மாலை மனைவியோடு சாலையைக் கடக்கும்போது லாரி ஹார்ன் கேட்டது. வலப்பக்கம் வருகிறது என்று நினைத்து இடப்பக்கமாகப் பாய்ந்தார். லாரி இடப்பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. முகத்தில் அனல் அடிக்க லாரி போயிற்று. நடைபாதையிலேயே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் திட்டவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் அதே டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது என்றார். வேறு எவரானாலும் அதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள். இவரோ ஒரு பிடி அழுக்காவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். அவசர அவசரமாகத் தன் சோதனையை விவரித்தார். எலும்பில் கேட்டதே, வலது காதை அடைத்தும் கேட்டதே என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை.

"மண்டையோடு ஒண்ணுதாங்க. எந்தப் பக்கம் வச்சாலும் அதிர்வு ரெண்டு உள்காதுக்கும் போயிடும். வலது காத அடைச்சா அதுல எலும்புச் சத்தம் இன்னும் பலமாத்தான் கேக்கும். நீங்க இத்தனை நாளும் கேட்டது வலது காதாலதான்."

உடனே வந்திருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றும், இப்படித் திடீரென்று உள்காது கெட்டால் ஆரம்ப நாட்கள்தான் முக்கியம் என்றும், இப்போதும் முயற்சி செய்யலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். காதுக்காரருக்குப் பாதி உள்ளே போகவில்லை. நாளை மைத்துனன் முகத்தில் எப்படி விழிப்பது, மற்ற காதும் ஒருநாள் இப்படியே போனால் என்ன செய்வது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இடது காதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மிச்சம் என்ற அந்த ஒரு சொல்லை இவர் இறுகப் பற்றிக்கொண்டார்.

சத்தம் புகாத சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண்ணும், அவளுக்குப் பின்னால் மனைவியும். வலது காது குறுக்கே வராமலிருக்க அதற்குள் உஸ்ஸென்று ஓர் இரைச்சலை விடுவார்கள். இடது பக்கத்து எலும்பில், தலையைச் சுற்றிய பட்டையோடு, அதிரும் ஒரு சிறிய கருவி. அதில் கீச்சென்று லேசாகக் கேட்டாலும் பொத்தானை அழுத்த வேண்டும்.

உஸ் சத்தம் தொடங்கியது. உள்ளங்கை வேர்த்து வழுக்கியதால் பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எஞ்சினைக் கேட்பது போலக் கண்ணை மூடி இடது பக்கம் முழுமனதையும் வைத்தார். ஒரு கீச்சு வந்தால் போதும், தவறவே விட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அவள் கருவியைச் சரிசெய்கிறாள் போலும். காத்திருந்தார்.

கதவு திறந்ததும் கண்ணைத் திறந்தார். அந்தப் பெண் அவர் தலையிலிருந்து பட்டையை மெல்லக் கழற்றினாள்.

"ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார்.

அவள் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

"முடிஞ்சிருச்சுங்கய்யா."