ஏரி இறங்கிப் போகும் வழி

மலையுச்சி விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது எங்கள் பெரியக்கா. துவைக்கும் அறையை ஒட்டியே ஏரி. எந்தக் காலத்திலோ பனிப்பாறை நகர்ந்து தோண்டிய பள்ளம் அது. சுற்றிலுமிருந்து ஓடைகள் வந்து விழும்; ஒன்றுகூட வெளியே போகாது.

"அப்போ தண்ணியெல்லாம் எங்கதான் போகுது?" என்று தங்க வருபவர்கள் கேட்டால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஈர விரிப்பை உதறிக் கொடியில் போடுவாள். வெயில் பட்டு ஆவி மெல்ல எழுந்து, ஏரியின் மூடுபனியோடு கலந்து மேலே போகும்.

"கண்ணு தெரியலையா?" என்பாள்.

நேற்று, சமவெளியில் வாழ்க்கைப்பட்ட மகள் போனில் அலுத்துக்கொண்டாள். "இங்க விடாத மழைம்மா. ஒரு துணி காயமாட்டேங்குது."

"மழையைத் திட்டாதடி," என்றாள் அக்கா, கொடியைப் பார்த்தபடியே. "நான் காயவெச்சு அனுப்பினதுதான். என்னாலதான் வர முடியல, அந்தத் தண்ணியாவது வந்து சேர்ந்துச்சே."