சமயநல்லூரில் ஒரு கரி ஒத்திகை

பேரையூரில் மச்சான் வீட்டில் கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் நானே கோழி சுட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காக மூன்று வாரம் வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்த, கரி பற்றவைக்கும் தகரக் குழல் காரில் இருக்கிறது. ஒரு தடவைகூட அதைப் பற்றவைத்ததில்லை.

“அங்க போய் மானம் போறதுக்கு, இங்கயே ஒருக்கா பத்தவச்சுப் பாத்துருங்க,” என்கிறாள் மனைவி. சமயநல்லூரில் சாலையோரம் ஓர் இஸ்திரி வண்டியைப் பார்த்ததும் காரை நிறுத்துகிறேன்.

இஸ்திரி போடும் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிக் கரி வாங்கி, குழலின் மேல்பகுதியில் நிரப்புகிறேன். கீழே ஒரு முழு நாளிதழைத் திணித்துத் தீ வைக்கிறேன். புகை மட்டும் வருகிறது. குனிந்து ஊதினால் சாம்பல் என் முகத்துக்கே திரும்புகிறது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வருகிறார். “இம்புட்டுப் பேப்பரத் திணிச்சா காத்து எங்கிட்டுண்ணே போகும்?”

எல்லாவற்றையும் உருவிப் போட்டு, இரண்டே தாளைத் தளர்வாகக் கசக்கி வைத்து அவரே பற்றவைக்கிறார். கால் மணி நேரத்தில் மேல்கரி வரை கனிந்துவிடுகிறது. நானே பற்றவைத்ததுபோல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறேன்.

“நல்லாத்தான் இருக்கு. இந்தக் கங்க இப்ப என்ன செய்யப் போறீக?”

அதை நான் யோசிக்கவே இல்லை. காரில் கொண்டுபோக முடியாது. அக்கா தன் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார், கொட்டுகிறேன்.

“சட்டையக் கழட்டுங்கண்ணே. இம்புட்டுக் கசங்கலோடவா விருந்துக்குப் போவீக?”

பனியனோடு சாலையோரம் நிற்கிறேன். காருக்குள் மனைவி என்னைப் படமெடுத்து, சிரித்துக்கொண்டே பேரையூருக்கு அனுப்புகிறாள்.