வீடு பூட்டியிருந்தது

புகார்ப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார் மேடம். 'வீடு பூட்டியிருந்தது.' அதற்குக் கீழே அதே வரி, அதற்கும் கீழே அதே வரி. எல்லாம் என் கையெழுத்து. "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க," என்றார். "நெஜமாவே பூட்டியிருந்துச்சா?"

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருக்களுக்குக் குடிநீர் கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. மேடம் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த பொறியாளர். நான் தற்காலிக எழுத்தர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். நடவுக்குப் போகும் அம்மா, என் கையெழுத்தைச் சொந்தக்காரர்களிடம் எடுத்துக் காட்டுவாள். அந்தக் கையெழுத்தில்தான், குழாய் பழுது பார்க்கும் ஃபிட்டர் அண்ணன் சொன்னதையெல்லாம் எழுதிப் புகார்களை முடித்துக்கொண்டிருந்தேன். அவர் பகலில் போய் ஒருமுறை கதவைத் தட்டுவார்; திறக்காவிட்டால் அது பூட்டிய வீடு. அதுதான் அலுவலக வழக்கம். மாதக் கடைசியில் நிலுவையே இருக்காது.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிக்கினு இருப்பானுங்க மேடம். எவ்ளோ நேரந்தான் தட்றது?" என்றார் அண்ணன்.

"அப்ப சாயங்காலம் போங்களேன்."

"சாயங்காலம் நான் தூங்க வேணாங்களா?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. புகார் எழுதும்போதே அந்த வாரம் என்ன ஷிப்ட் என்று கேட்டு எழுதச் சொன்னார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் எதையும் முடிக்கக் கூடாது என்றார். முதல் சில நாட்கள் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணனோடு அவரே தெருத்தெருவாக நடந்தார். துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா, வாசலில் எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அட, நாங்க முழிச்சிக்கினு இருக்கறப்பகூட வருவீங்களா?" அண்ணன் தலை நிமிராமல் குழாயைக் கழற்றினார். அடுத்த மாதம் யாரும் சொல்லாமலே, ஆட்கள் விழித்திருக்கும் நேரம் பார்த்துப் போக ஆரம்பித்தார்.

சொன்னால் வேலை நடக்கிறது என்று தெரிந்ததும், கேட்பதையே விட்டிருந்தவர்களும் புகார் எழுத வந்தார்கள். நிலுவை ஏறியது.

ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி என்னைத்தான் கேட்டார். "போன வருஷம் நிலுவையே இல்ல. இவங்க வந்தப்புறம் இவ்ளோ. பதிவேடு நீதானம்மா எழுதற, என்ன ஆச்சு?"

போன வருடம் முடித்தவை பொய், இப்போது நிற்பவை உண்மை. எனக்கு அது தெரியும். அதைச் சொல்வதானால், பொய்யை எழுதிய கை என்னுடையது என்றும் சொல்ல வேண்டும். என்னை நிரந்தரமாக்கும் ஆணை அந்த மேலதிகாரியின் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. "மேடம் சொன்னபடிதான் சார் எழுதறேன்," என்றேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. சில வாரங்களில் அவருக்கு மாற்றல் வந்தது.

ஆணை வந்த அன்று, மன்னிப்புக் கேட்கத்தான் அவருக்குப் போன் செய்தேன். ஆனால் குரலைக் கேட்டதும், வேலை நிரந்தரமானதை மட்டும் சொன்னேன். "மொதல்ல அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு பழைய வழக்கமே திரும்பிவிட்டது. இன்று எங்கள் அலுவலகத்தில் நிலுவை இல்லை. போன வாரம் அந்த அக்கா, அடுத்த தெருவிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். புகார் எழுதவில்லையா என்று கேட்டேன்.

"எழுதி? அந்த மேடத்த எவன் தூக்குனானோ, அவன் வூட்டுக் கொழாய்ல சொட்டுத் தண்ணி வரக்கூடாது, ஆமா," என்று சொல்லிவிட்டு, குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

எங்கள் வீட்டில் அன்று காலையும் தண்ணீர் வந்திருந்தது.