பெண் கேட்டு வந்த கிளப்

ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் ஊரான கேட்டிக்குத் திரும்பும் ஃப்ரீவேயில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்த அழைப்பு ஸ்பீக்கரில் வந்தது. தெரியாத எண்களை அப்பா எடுக்கவே மாட்டார். ஃபோனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவன் எவனும் திருடன் என்பது அவர் கட்சி. அன்று என்னவோ எடுத்தார். வடக்கே ஒரு கால்பந்து கிளப்பின் உதவிப் பயிற்சியாளர் பேசினார். ரொம்ப மரியாதை. அவர் கேட்டது ஒன்றுதான்: டிராஃப்ட்டில் உங்கள் மகளை எடுத்தால் வந்து ஆடுவாளா?

அந்த மகள் என் அக்கா. இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. அப்போதெல்லாம் பெண்கள் லீகில் ஆண்டுக்கொரு முறை டிராஃப்ட் நடக்கும். காலேஜ் முடிக்கிற பெண்களைக் கிளப்புகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். கிளப்தான் பெண்ணைத் தேர்ந்தெடுக்கும், பெண் கிளப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. எடுத்த பிறகு அவள் வரமாட்டேன் என்றால் அந்த முறை வீண். அதனால்தான் வீட்டுக்கு முன்கூட்டியே ஒரு ஃபோன். அக்காவுக்கு மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்திருந்தது. ஆனாலும் ஆடத்தான் போகிறேன், சீட்டை டிஃபர் பண்ணிப் பிறகு சேர்ந்துகொள்கிறேன் என்று தெளிவாகவே சொல்லியிருந்தாள். அப்பாவும் தலையாட்டியிருந்தார்.

இப்போது அவர், எங்களுக்கு அவசரமில்லை என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். மெடிக்கல் ஸ்கூல் இருக்கிறது, வேறு இரண்டு கிளப்புகளும் விசாரித்தன, பார்க்கலாம் என்றார். எந்தக் கிளப்பும் விசாரித்திருக்கவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். ஹூஸ்டனில் வேலை பார்த்த பெரியப்பா மகளுக்கு வரன் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பா இதே குரலில்தான் இன்னும் இரண்டு ஜாதகம் வந்திருப்பதாகச் சொன்னார். அந்த இரண்டு ஜாதகங்களையும் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க? அக்காதான் ஆடப்போறேன்னு சொல்லிட்டாளே?" என்றேன்.

"உனக்குத் தெரியாது. கேட்ட உடனே சரின்னா, என்னமோ குறை இருக்குன்னு நினைப்பான். இப்ப பாரு, உள்ளுக்குள்ள பயந்திருப்பான்." ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி வீடு வரை ஓட்டினார்.

டிராஃப்ட் அன்று எங்கள் வரவேற்பறை நிச்சயதார்த்த வீடு மாதிரி இருந்தது. அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்துத் தெரு அங்கிள் டிவிக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தார். அந்த வடக்கத்திக் கிளப்பின் முறை வந்தபோது அப்பா சோபா நுனிக்கு நகர்ந்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டது இடது பக்கத் தடுப்பாட்டக்காரிதான். எடுத்தார்கள். வேறொருத்தியை.

"என்ன சார், பொண்ணு பாக்க நம்ம வீட்டுக்கு வந்துட்டு, பஜ்ஜி சாப்பிட வேற வீட்டுக்குப் போயிட்டானுங்களே?" என்றார் அங்கிள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தடுத்த சுற்றுகளிலும் அக்காவின் பெயர் வரவில்லை. எல்லாம் முடிந்தபின் அவளுடைய காலேஜ் பயிற்சியாளர் கூப்பிட்டார். நீ டாக்டருக்குப் படிக்கப் போவதாகக் கிளப்பில் சொல்கிறார்களே, நீயா சொன்னாய் என்று கேட்டாராம். அக்கா ஃபோனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "வெயிட் ஏத்தத்தானேம்மா சொன்னேன்" என்றார். "இது என்ன சம்பந்தமாங்க, பிகு பண்ணிக்கிறதுக்கு?" என்று அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அக்கா மாடிக்குப் போய்விட்டாள். அந்தக் கோடையிலேயே மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்தாள்.

எனக்கு அன்றிலிருந்தே அரிப்பு. சந்தேகம் எங்கள் வீட்டில் அப்பா வழிச் சொத்து. அவருடையதை எடுத்து அவர்மேலேயே பிரயோகித்தேன். உலகத்தில் எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்கிற மனிதர், அந்தப் பயிற்சியாளரிடம் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை? இன்னொன்றும் உண்டு. பெரியப்பா மகள் விஷயத்தில் பிகு செய்த மறுநாளே, ஏதோ சாக்கு வைத்து அப்பாவே திரும்பக் கூப்பிட்டு இறங்கி வந்தார். அதுதான் அவருடைய முறை: ஏற்றுவார், மறுநாள் இறக்குவார். கிளப்புக்கு மறுநாள் அவர் கூப்பிடவில்லை. அப்படியென்றால் அது பேரமா, பேரம் மாதிரி நடத்திய தடையா? மகள் டாக்டராக வேண்டும் என்று உள்ளே ஒரு ஆசை உட்கார்ந்துகொண்டு அவர் வாயை இரவல் வாங்கிப் பேசியதா? சாப்பாட்டு மேசையில், காரில், கோயில் வரிசையில் அவர் முகத்தைப் படித்துக்கொண்டே இருந்தேன். என் பதில் அங்கே எழுதியிருக்கவில்லை.

லீக் அந்த டிராஃப்ட்டையே நிறுத்திவிட்டது, இனிப் பெண்களே எந்தக் கிளப்போடும் பேசிக்கொள்ளலாம் என்று செய்தி வந்தபோது, அக்கா டாக்டர் படிப்பை முடித்து ரெசிடென்சி பயிற்சியில் இருந்தாள். மருத்துவமனையிலிருந்து அவளைக் கூட்டிவரப் போன நான், அவள் காரில் ஏறியதும் ஏறாததுமாக என் துப்பறிதல் முழுவதையும் கொட்டினேன்.

"அப்பா திரும்பக் கூப்பிடலதான்," என்றாள் அக்கா. "நான் கூப்பிட்டேன்."

"எப்போ?"

"டிராஃப்ட் முடிஞ்ச அடுத்த வாரம். அந்த கோச்சே எடுத்தார். 'எல்லா அப்பாவும் இப்படித்தான் பேசுவாங்க, நாங்க சீரியஸா எடுத்துக்கறதில்ல'ன்னார். அந்தப் பொண்ணு என்னைவிட ஃபாஸ்ட். அவ்ளோதான்டீ."

"அப்புறம் ஏன் மெடிக்கல் ஸ்கூல்னு சொன்னாங்க?"

"வேகம் பத்தலன்னு சொல்றதைவிட அது டீசன்ட்டா இருக்கே."

"அப்பாகிட்ட சொல்லவே இல்லையா? பாவம், அவர் தன்னாலதான்னு..."

"முதல்ல எனக்கே அது வசதியா இருந்தது. அப்பா கெடுத்துட்டார்னா, நான் நல்லா ஆடினேன்னுதானே அர்த்தம்? இப்ப அவருக்கு அது வேணும்." சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நம்பலாமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. உண்மையிலேயே அந்த கோச்சோடு பேசினாளா, இல்லை என்னிடமிருந்து அப்பாவைக் காப்பாற்ற அங்கேயே கட்டிய கதையா? கெட்ட செய்தியை எந்தக் குரலில் சொல்வது என்று நாள் முழுக்கப் பழகுகிறவள் அவள்.

போன மாதம் பக்கத்து ஊரான சுகர் லேண்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. புதிதாக அறிமுகமான ஒரு அங்கிளைப் பிடித்து அப்பா ஆரம்பித்துவிட்டார். "தப்பு என்னுதுதான் சார். அன்னிக்கு நான் வாயை மூடிட்டிருந்தா, இவ முதல் ரவுண்டுலயே போயிருப்பா." சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நெஞ்சு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. அங்கிள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன், ஒரு இமை அசைந்தால்கூடப் பிடித்துவிடும் கவனத்தோடு.

"ஆமா அங்கிள்," என்றாள் அக்கா, தட்டில் இருந்த கேக்கை அப்பாவின் தட்டுக்கு மாற்றியபடி. "அந்த கிளப் இன்னும் அழுதுட்டிருக்காம்."