இடுப்பைச் சுற்றி வந்த கோடு

என் கணவருக்குக் கிள்ளானில் லோரி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. லோரிக்கு அடியில் அட்டையை விரித்து மல்லாந்து கிடப்பவர். உடம்பில் கீறலோ காயமோ இல்லாத நாளே கிடையாது. அதனால் இடுப்பில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புள்ளி கோடானது. தோலுக்கு அடியில் நூல் ஓட்டித் தைத்த மாதிரி வளைந்து வளைந்து போனது. விரலை வைத்தால் தடிப்பு தட்டுப்பட்டது. சொறிந்து சொறிந்து இடுப்பே புண்ணாகிவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் படை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவினோம். கோடு இன்னும் நீண்டது.

எதிர்வீட்டுச் சீன ஆன்டிதான் முதலில் என்னைப் பயமுறுத்தினார். என் கணவர் சட்டையில்லாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இது உலார் லா,” என்றார். உலார் என்றால் மலாயில் பாம்பு. அக்கியை அவர் அப்படித்தான் சொல்வார். “இடுப்பச் சுத்திக்கிட்டே வரும். தலையும் வாலும் சேர்ந்துச்சுன்னா ஆளு போயிடும். சீக்கிரம் பாரு.”

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மறுநாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பும்போது சட்டையைத் தூக்கி, கோட்டின் முனையில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன்.

“என்னா பண்றே?”

“சும்மா இருங்க.”

அடுத்த நாள் பார்த்தேன். கோடு என் மைப்புள்ளியைத் தாண்டி விரற்கடை அளவு போயிருந்தது. உள்ளே ஏதோ உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவர் குழந்தையைத் தூக்கவில்லை. எங்கள் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வருவாள். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் அழுவாள்.

“ஒட்டிக்கிச்சுன்னா என்னா பண்றது?” என்பார்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் சேலைக்கடையில் வேலை பார்க்கிறேன். கடையில் கூட வேலை செய்யும் அக்கா, பக்கத்துத் தெருவில் தோல் டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு இருவரும் கொமுட்டர் ரயில் ஏறினோம். கோடு தொப்புளை நெருங்கியிருந்தது. இடம் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

டாக்டர் என் வயதுப் பெண். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

“பீச்சுக்கு எங்கயாவது போனீங்களா?”

“எனக்கு ஏது டாக்டர் லீவு?”

“அப்ப மண்ணுல படுப்பீங்களா?”

அவர் யோசித்தார். “வேலையே லோரிக்கு அடியிலதான். அட்டை விரிச்சாலும் விலகிப் போயிடும். தரை ஈரமா இருக்குதுன்னு மணல் கொட்டியிருக்காங்க.”

“அங்க பூனை இருக்கா?”

“நெறைய.”

டாக்டர் தலையாட்டினார். “இது பூனை, நாயோட கொக்கிப்புழு. அதுங்க மணல்ல கழிக்கும், அதுல இருக்கிற முட்டை பொரிச்சு குட்டிப்புழு வரும். நீங்க படுக்கும்போது தோலுக்குள்ள நுழைஞ்சிருக்கு. மனுஷ உடம்புல அது வளராது. வழி தெரியாம தோலுக்கு அடியிலேயே அலையும்.”

“சுத்தி வந்து சேர்ந்துட்டா?” என்றேன்.

“சேர்ந்தாலும் ஒண்ணும் ஆகாது. இது அக்கியே இல்ல.”

“வீட்ல கொழந்த இருக்கு டாக்டர்,” என்றார் அவர்.

“உங்ககிட்டேருந்து ஒட்டாது. தாராளமா தூக்குங்க.”

அவர் சட்டைப் பித்தானைப் போடப் போனார். பித்தான்களை மாற்றி மாற்றிப் போட்டார். நான்தான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.

டாக்டர் பூச்சி மாத்திரைதான் கொடுத்தார். சில நாளில் கோடு நின்றுவிட்டது. அரிப்பு மெல்ல அடங்கியது.

வேலைக்குத் திரும்பியதும் என் கணவர் முதலாளியிடம் மணலை அள்ளச் சொன்னாராம். “பூனைக்கா பயப்படுற?” என்று முதலாளி சிரித்திருக்கிறார். அப்போது கூட வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினாராம். கெண்டைக்காலில் இரண்டு கோடுகள். வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று மறைத்து வைத்திருந்தாராம்.

முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டார். மத்தியானமே மணலை அள்ள ஆள் வந்தது. என் கணவர் அந்த மனிதரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனார்.