பஸ்ஸைத் தள்ளியவர்களுக்கு லேட் மார்க்

இன்று காலை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் எங்கள் கம்பெனி பஸ் சூளகிரி தாண்டியதும் நின்றுவிட்டது. முப்பது பேர் இறங்கித் தள்ளினோம். பெண்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். எங்கள் லீவுக் கணக்கைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் போய்ச் சேர்ந்தால், கேட்டில் வைத்திருக்கும் புது பஞ்சிங் மெஷின் அத்தனை பேருக்கும் லேட் போட்டது. மாதத்தில் மூன்று லேட் ஆனால் அரை நாள் லீவு போய்விடும். என்னோடு வேலை செய்யும் சாந்தாவுக்கு இது மூன்றாவது.

“உங்க பஸ்ஸத்தான சார் தள்ளிக்கினு வந்தோம்?” என்று கேட்டாள்.

“மெஷின் பொய் சொல்லாதும்மா” என்றார் அதே ஆபீசர். அவருக்குப் பஞ்சிங் கார்டே கிடையாது.

அந்த மெஷினும் எங்கள் கம்பெனித் தயாரிப்புதான். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் உருக்கி சால்டர் வைத்ததே சாந்தா. ‘உங்கள் நேரத்தை மதிக்கும் கருவி’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள்.

நாளைக்கும் பஸ் நின்றால் தள்ளத்தான் போகிறோம், அவரை உள்ளே வைத்தே. ஓசூர் பக்கமா, கிருஷ்ணகிரி பக்கமா? நீங்களே சொல்லுங்கள்.